பால்வீதி நடுவே மிஞ்சும் காமாக் கதிர்கள் கரும்பொருளின் சுவடா?

ஆந்திரத்தின் குப்பம் என்ற ஊரில் இளநிலை இயற்பியல் படிக்கும் தம்பி ஒருவர் மூன்று ஐயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். பால்வீதியிலிருந்து வரும் மிக உயர் ஆற்றல் ஒளியான காமாக் கதிர்களில் கரும்பொருளைக் கண்டுவிட்டார்கள் என்று 2025 நவம்பரில் செய்தி வந்தது, அது உண்மையா? உண்மையானால் அந்தத் துகள் எத்தகையது? கோலார் தங்கவயலில் வேலை பார்த்த அவருடைய தாத்தா, சுரங்கத்தின் அடியில் விஞ்ஞானிகள் விளங்காத துகளொன்றைப் பார்த்ததாகச் சொல்வாராம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? செய்தியை இப்போதைக்கு நம்ப வேண்டியதில்லை என்பதே முதல் கேள்விக்கு என் விடை. தாத்தா சொன்னது கதையல்ல. அச்சில் வந்த ஆய்வு. அதையும் காமாக் கதிர்களையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு என்பதால் அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கரும்பொருள் இருப்பதைப் பற்றி இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா விண்மீன் திரள் கொத்தில் திரள்களின் வேகத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கும் இடையே கண்ட பொருந்தாமையும், 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அளந்த திரள்களின் சுழற்சி வேகங்களும், பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த தொல் நுண்ணலைகளும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: அணுக்களால் ஆன பொருளைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமான பொருள், ஒளியை உமிழாமலும் உட்கொள்ளாமலும், ஈர்ப்பு விசையால் மட்டும் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு இருக்கிறது. அது எதனால் ஆனது என்பதுதான் வழக்கு.

நீண்ட காலம் முன்னணியில் இருந்த விடை, ‘விம்ப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கனத்த, மிக மெலிதாக வினைபுரியும் துகள். அதன் கவர்ச்சிக்குக் காரணம் ஒரு கணக்கு. அண்டம் பிறந்த சில கணங்களில் இத்தகைய துகள்கள் இரண்டிரண்டாக மோதி அழிந்தும், எதிர்த்திசை வினையில் மீண்டும் பிறந்தும் கொண்டிருந்தன. அண்டம் விரிந்து குளிர்ந்தபோது பிறப்பு நின்றது, விரிவால் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் அழிவும் நின்றது, எஞ்சியவை உறைந்துபோயின. இன்று எஞ்சியிருக்கும் அளவு கிடைக்க வேண்டுமானால் அந்த அழிவின் வீதம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 வரையிலான எண்ணை 10-இன் மைனஸ் 26-ஆம் அடுக்கால் பெருக்கிய கன சென்டிமீட்டர் வருகிறது. வலுக்குறைந்த அணுக்கரு விசை கொண்ட துகளிடம் எதிர்பார்க்கக்கூடிய எண்ணும் அதுவே. இந்த எண்ணை ‘வெப்ப வீதம்’ என்று வைத்துக்கொள்வோம். கீழே பலமுறை வரும்.

அதே அழிவு இன்றும் கரும்பொருள் அடர்ந்த இடங்களில் அரிதாக நடக்க வேண்டும். இரண்டு விம்ப்கள் மோதி அழிந்து, எடுத்துக்காட்டாக, ஒரு பாட்டம் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் பிறந்தால், அவை பையான்கள் எனும் நிலையற்ற சிறு துகள்கள் பலவாக உடையும். அவற்றில் மின்னூட்டமற்ற பையான் ஒவ்வொன்றும் இரண்டு காமா ஒளியன்களாக (ஒளித்துகள்களாக) சிதையும். அதனால் கிடைக்கும் நிறமாலை, துகளின் நிறையைவிடப் பல மடங்கு குறைந்த ஆற்றலில் உச்சம் கொண்ட அகன்ற மேடாக இருக்கும். நேரடியாகவே இரண்டு ஒளியன்களாக அழிந்தாலோ துகளின் நிறைக்குச் சமமான ஆற்றலில் ஊசிபோல் ஒரு கோடு நிற்கும். மோதலுக்கு இரண்டு துகள்கள் வேண்டும் என்பதால் அழிவு அடர்த்தியின் இருமடிக்கு ஏற்பக் கூடும். துகள் தனியே சிதைகிறது என்றால் அடர்த்தியின் ஒருமடிதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள்.

அடர்த்தி மிக்க இடம் பால்வீதியின் நடு. ஆடி முதல் வாரத்தில் இரவு பத்து மணியளவில், மேகம் விலகியிருந்தால், குப்பத்திலிருந்து நேர் தெற்கே அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் பாருங்கள். விருச்சிகத்தின் வாலான மூல நட்சத்திரத்துக்கும் தனுசின் பூராடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், தூசுத் திரைக்குப் பின்னால், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் அது இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் காமாத் தொலைநோக்கிக்கு அதே நடு முப்பது பாகை உயரம்கூட ஏறுவதில்லை. இந்த ஒரு வகையில் நம் எல்லைக் குன்றுகள் இமயத்தைவிட வசதியானவை.

ஆனால் இங்கே பேசப்படும் ஆற்றலுள்ள காமாக் கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால் விண்ணிலிருந்துதான் பார்க்க வேண்டும். 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோள் அதைத்தான் செய்கிறது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 26 பாகை சாய்ந்தது என்பதால் அவ்வப்போது குப்பத்தின் தலைக்கு மேலேயும் கடந்துபோகும். அதன் முதன்மைக் கருவியில் ஆடியும் இல்லை, வில்லையும் இல்லை. டங்ஸ்டன் தகடுகளும் சிலிக்கான் பட்டைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. உள்ளே வரும் காமா ஒளியன் ஒரு தகட்டில் எலக்ட்ரானாகவும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானாகவும் பிளந்து, தலைகீழ் ‘வி’ வடிவில் இரண்டு தடங்களை விட்டுச் செல்கிறது. தடங்களின் சாய்விலிருந்து வந்த திசையும், அடியிலுள்ள சீசியம் அயோடைடு படிகங்களில் கொட்டும் ஒளியிலிருந்து ஆற்றலும் தெரியவரும். புரோட்டானின் நிறைக்குச் சமமான ஆற்றல் ஏறத்தாழ ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட், சுருக்கமாக ஒரு ஜி.இ.வி. அந்த ஆற்றலில் ஒரு புள்ளிகூட ஃபெர்மியின் பார்வையில் முக்கால் பாகைக்கு மேல் பரவி மங்கலாகத் தெரிகிறது. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான். அதாவது நடுப்பகுதியில் அருகருகே இருக்கும் நூறு சிறு மூலங்களையும், பரவிய ஒரே ஒளிர்வையும் அந்தக் கருவியால் எளிதில் பிரித்தறிய இயலாது. விவாதம் முழுவதற்கும் இந்த மங்கலே மூலகாரணம்.

2009-இல் லிசா குடினஃபும் டான் ஹூப்பரும் ஃபெர்மியின் தொடக்கத் தரவுகளில் நடுப்பகுதியிலிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகமான காமாக் கதிர்கள் வருவதாகக் காட்டினார்கள். பிறகு பல குழுக்கள் சரிபார்த்தன. மிகுதி இருப்பது உறுதியாயிற்று. ஒன்று முதல் மூன்று ஜி.இ.வி. வரை அதன் உச்சம். நடுவிலிருந்து குறைந்தது பத்துப் பாகை வரை பரவல். அந்தப் பகுதியின் மொத்தக் காமாக் கதிர்களில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் அது. பாட்டம் குவார்க்குகளாக அழியும், 30 முதல் 50 ஜி.இ.வி. நிறையுள்ள விம்ப் ஒன்றை வைத்தால் நிறமாலை நன்கு பொருந்துகிறது. தேவைப்படும் அழிவு வீதமோ மேலே சொன்ன வெப்ப வீதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துப் பலர் மயங்கியதில் வியப்பில்லை. இன்றைக்கும் என்னை இழுப்பது அந்த எண்ணின் பொருத்தமே.

மயக்கம் தெளிய, ‘மிகுதி’ எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவில் மோதுவதால் பெருமளவு காமாக் கதிர்கள் பிறக்கின்றன. அதிவேக எலக்ட்ரான்கள் விண்மீன் ஒளியைத் தள்ளி ஆற்றலேற்றுவதாலும் பிறக்கின்றன. வாயு எங்கே எவ்வளவு, காஸ்மிக் கதிர்கள் எங்கே எவ்வளவு என்று ஒரு மாதிரியை அமைத்து, அதை மொத்தத்திலிருந்து கழித்தால் எஞ்சுவதே மிகுதி. மதனப்பள்ளிச் சந்தையில் கிரேட்டோடு தக்காளியை எடைபோட்டுவிட்டு, கிரேட்டின் எடையைக் கண்மதிப்பாகக் கழிப்பதைப் போன்றது இது: கழிக்கும் பொருளின் எடையில் பத்தில் ஒன்று பிசகினால், மிஞ்சியதென்று நாம் சொல்லும் பத்தில் ஒன்று தக்காளியா பிளாஸ்டிக்கா என்று சொல்ல முடியாது. 2010-இல் பால்வீதித் தளத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு எழும் ஃபெர்மி குமிழிகள் கண்டறியப்பட்டபோது, அதற்கு முந்தைய மாதிரிகள் எல்லாம் எவ்வளவு பெரிய பொருளைக் கழிக்காமல் விட்டிருந்தன என்பது தெரிந்தது.

மாற்று விளக்கம் மில்லிநொடிப் பல்சர்கள். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் இந்த முதிய நியூட்ரான் விண்மீன்களின் காமா நிறமாலையும் சில ஜி.இ.வி.யில்தான் உச்சம் கொள்கிறது. பழைய விண்மீன்கள் செறிந்த நடுப்புடைப்பில் அவை ஏராளமாக இருந்தாக வேண்டும். 2015-இல் இரண்டு குழுக்கள், ஒளியன்கள் சீராகப் பரவாமல் புள்ளிபுள்ளியாகக் குவிந்திருப்பதைப் புள்ளியியல் முறையில் கண்டதாக அறிவித்தபோது கரும்பொருள் விளக்கம் முடிந்துபோனது என்றே பலர் எழுதினார்கள். 2019-இல் ரெபேக்கா லீனும் டிரேசி ஸ்லாட்டியரும் தரவுக்குள் செயற்கையாகக் கரும்பொருள் ஒளிர்வைச் சேர்த்துப் பார்த்தார்கள். முறை அதையும் புள்ளி மூலங்கள் என்றே பதிவு செய்தது. ஸ்லாட்டியர் 2015-இன் குழுக்களில் ஒன்றில் இருந்தவர். தம் பழைய முடிவின் அடித்தளத்தைத் தாமே தட்டிப் பார்க்கும் இந்த நேர்மை துறையின் உயிர்.

பிறகு வடிவத்தைப் பற்றிய வாதம் எழுந்தது. மிகுதி நடுப்புடைப்பின் விண்மீன்களைப் போலப் பெட்டி வடிவில் இருந்தால் பல்சர், உருண்டையாக இருந்தால் கரும்பொருள் என்று பிரித்தார்கள். 2025-இல் வெளியான கணினி உருவகக் கணிப்புகள், பழைய திரள் இணைவுகளின் விளைவாகப் பால்வீதி நடுவின் கரும்பொருளே சப்பையாக இருக்கக்கூடும் என்று காட்டியதால் அந்த அளவுகோலும் தளர்ந்துவிட்டது. பல்சர்களுக்கே என் மனம் சற்றுச் சாய்கிறது. ஏனென்றால் பல்சர்கள் இருப்பது நமக்குத் தெரியும்; விம்ப் இருப்பது தெரியாது.

கரும்பொருள் விளக்கத்துக்கு நேர்மையான சோதனை வேறிடத்தில் இருக்கிறது. பால்வீதியைச் சுற்றிவரும் குள்ள விண்மீன் திரள்களில் வாயு அநேகமாக இல்லை, பல்சர்கள் மிகக் குறைவு, கரும்பொருளோ நிறைய. டிராக்கோ, செக்யூ 1 போன்ற இவற்றிலிருந்து காமாக் கதிர் வந்தால் கழிப்பதற்கு அதிகம் இல்லை. ஃபெர்மி பல ஆண்டுகள் பார்த்தும் ஐயமற்ற ஒளிர்வு எதுவும் கிடைக்கவில்லை. 2015-இல் வெளியான எல்லைகளின்படி, பாட்டம் குவார்க்காக அழியும் விம்ப், வெப்ப வீதத்தில் இருந்தால், ஏறத்தாழ 100 ஜி.இ.வி.க்குக் கீழே இருக்க முடியாது. குள்ளத் திரள்களின் கரும்பொருள் அளவைக் கணிப்பதில் உள்ள தடுமாற்றத்தைச் சேர்த்துக்கொண்டால் இந்த எல்லை சற்று நெகிழும் என்பதால் நடுப்பகுதியின் 40 ஜி.இ.வி. துகள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. மூச்சு திணறுகிறது, அவ்வளவே.

இப்போது, தம்பி, நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டோமோனோரி டோடானி, ஃபெர்மியின் 15 ஆண்டுத் தரவை எடுத்து, பால்வீதித் தளத்தை ஒட்டிய பத்துப் பாகைகளை ஒதுக்கிவிட்டு ஆராய்ந்தார், 20 ஜி.இ.வி. அருகே உச்சம் கொண்ட, உருண்டையான ஒளிர்வு ஒன்று எஞ்சுவதாக 2025 நவம்பரில் வெளியிட்டார். குழப்பம் மிக்க தளத்தை விட்டு விலகியது நல்ல உத்தி. ஆனால் அவருடைய விளக்கத்துக்கு 500 முதல் 800 ஜி.இ.வி. நிறையும், வெப்ப வீதத்தைப்போல் இருபது, முப்பது மடங்கு அழிவு வீதமும் வேண்டும். அந்த வீதம் உண்மையானால் குள்ளத் திரள்கள் இதற்குள் ஒளிர்ந்திருக்க வேண்டும். மேலும் அந்தப் பரப்பில்தான் ஃபெர்மி குமிழிகள் நிற்கின்றன. அவற்றின் மாதிரியில் சிறு மாற்றம் செய்தாலும் எஞ்சுவது மாறும். செய்திகள் கவனிக்காத இன்னொன்று: நடுப்பகுதியின் துகள் 40 ஜி.இ.வி., இதுவோ அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். இரண்டையும் ஒரே எளிய விம்ப் விளக்க முடியாது. ஒன்றை ஏற்றால் மற்றொன்றுக்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

கழித்தல் தேவைப்படாத சான்று என்று கருதப்பட்டது ஊசிக்கோடு. 2012-இல் கிறிஸ்டோஃப் வெனிகர் 130 ஜி.இ.வி.யில் அப்படியொரு கோட்டை ஃபெர்மி தரவில் கண்டார். இயற்கையில் வேறெந்த நிகழ்வும் அந்த ஆற்றலில் ஊசிக்கோட்டைத் தருவது அரிது என்பதால் துறையே பரபரத்தது. சில மாதங்களில் பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமாக் கதிர்களிலும் அதே ஆற்றலில் ஒரு சிறு மேடு தென்பட்டது. நம் காற்றுமண்டலத்துக்கும் பால்வீதி நடுவின் கரும்பொருளுக்கும் உறவில்லை. ஆகவே கோளாறு கருவியிலோ பகுப்பிலோ என்ற ஐயம் எழுந்தது. தரவு பெருகி, பகுப்பு முறையும் திருத்தப்பட்டு 2015-இல் மீண்டும் பார்த்தபோது அந்தக் கோடு ஒரு சிக்மாவைக்கூட, அதாவது வழக்கமான தற்செயல் ஏற்ற இறக்கத்தைக்கூட, எட்டவில்லை. உண்மைக் குறி தரவு கூடக்கூட வளரும், இது தேய்ந்தது.

இதற்கு நேர்மாறு, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழியும்போது வரும் இது, 1970-களில் பலூன்களில் கருவியை ஏற்றிப் பார்த்தபோதே நடுப்பகுதியிலிருந்து வந்தது. 2002-இல் ஏவப்பட்ட இன்டெக்ரல் செயற்கைக்கோள் அதை வரைபடமாக்கியது. நொடிக்கு ஏறத்தாழ 10-இன் 43-ஆம் அடுக்கு எண்ணிக்கையில் பாசிட்ரான்கள் அங்கே அழிகின்றன. யாரும் மறுக்காத குறி, ஐம்பது ஆண்டாகத் தொடரும் குறி, இன்றும் மூலம் தெரியாத குறி. சில மெகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள இலகுவான கரும்பொருள் என்ற விளக்கமும் முன்வைக்கப்பட்டதுண்டு. விண்மீன் வெடிப்புகளின் கதிரியக்கத் தனிமங்களும் பாசிட்ரானைத் தருவதால் அந்த விளக்கத்துக்குத் தனிச் சலுகை கொடுக்க முடியவில்லை.

‘துகள் எத்தகையது’ என்ற இரண்டாவது ஐயத்துக்கு விண்ணைவிட நிலத்தடி அதிகம் பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு பழைய தங்கச் சுரங்கத்தில், பத்து டன் நீர்ம செனானின் அணுக்கருக்களில் விம்ப் மோதுகிறதா என்று பார்க்கும் லக்ஸ்-செப்லின் ஆய்வு, 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, 40 ஜி.இ.வி. அருகேதான் உலகிலேயே கூர்மையான பார்வை கொண்டது. அங்கே எதுவும் தட்டவில்லை. எனவே நடுப்பகுதியின் மிகுதியை விளக்க விரும்புவோர், அழியும்போது தாராளமாக அழிந்து, அணுக்கருவில் மோதும்போது மட்டும் பதுங்கும் துகளை அமைக்க வேண்டியிருக்கிறது. இடையே ‘போலி ஸ்கேலார்’ எனப்படும் தற்சுழற்சியற்ற வகைத் துகளொன்று விசையைக் கடத்தினால் அது சாத்தியமே. மெல்ல நகரும் கரும்பொருள் அணுக்கருவில் மோதும் வாய்ப்பு அப்போது வேகத்தின் அடுக்குகளால் அமுங்கிவிடும். கரும்பொருள் முதலில் தனக்கே உரிய மறைந்த துகள்களாக அழிந்து, அவை பின்னர் நமக்குத் தெரிந்தவையாகச் சிதைகின்றன என்ற மாதிரியும் தப்பிக்கிறது. இவற்றில் தவறேதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு ‘இல்லை’க்கும் பிறகு ஒரு மறைவிடம் சேர்க்கப்படுவதைக் காண்கையில் எனக்கு நிறைவு ஏற்படுவதில்லை.

இனி தாத்தாவின் சுரங்கம். உங்கள் ஊரிலிருந்து ரயிலில் பங்காரப்பேட்டை போய், மாரிகுப்பம் கிளையில் திரும்பினால் தங்கவயல். சித்தூர், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமானது. மேலே உள்ள பாறை காஸ்மிக் கதிர்களை வடிகட்டிவிடும் என்பதால் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து அங்கே 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவும் நுண்துகள்களான நியூட்ரினோக்களின் தடத்தை 1965-இல் உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களுள் அவர்களும் இருந்தனர். அந்தத் தொடரில்தான் சில விசித்திரத் தடங்கள் கிடைத்தன. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் அகன்ற கோணத்தில் விரிந்திருந்தன. அவற்றைப் பின்னோக்கி நீட்டினால் சந்திக்கும் புள்ளி பாறைக்குள் விழாமல், பாறைச் சுவருக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள வெறும் காற்றில் விழுந்தது. நியூட்ரினோ மோதியிருந்தால் அடர்ந்த பாறையில் மோதியிருக்க வேண்டும். காற்றில் மோதும் வாய்ப்பு மிக மிகச் சொற்பம். ஏதோ ஒரு நிலையற்ற துகள் வெளியே வந்து சிதைந்ததுபோல் இருந்தது. 1975-இல் இவை ‘கோலார் நிகழ்வுகள்’ என்ற பெயரில் வெளியாயின. தாத்தா கேள்விப்பட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மற்ற ஆய்வகங்கள் தேடியும் அத்தகைய துகள் அகப்படவில்லை. 2014-இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் புதிய கோணத்தில் கேட்டார்கள்: காற்றில் சிதைந்தது கரும்பொருளாகவே இருக்கலாமே? 5 முதல் 10 ஜி.இ.வி. நிறையும், அண்டத்தின் வயதை ஒத்த ஆயுளும் கொண்ட துகளாக அதை அவர்கள் உருவகித்தார்கள். கரும்பொருள் எங்கும் நிறைந்திருப்பதால் பாறையென்றும் காற்றென்றும் பாராமல் சிதையும். தடங்கள் காற்றில் சந்தித்ததை இது அழகாக விளக்குகிறது.

ஆனால் சுரங்கக் காற்றில் சிதையும் துகள் பால்வீதி எங்கும் அதே வீதத்தில் சிதைய வேண்டும் அல்லவா? சிதைவில் கண்ணுக்குத் தெரியும் தடங்களை விடும் துகள்கள் பிறந்தால் காமாக் கதிர்களும் உடன் பிறக்கும். சிதைவு அடர்த்தியின் ஒருமடிக்கு ஏற்பக் கூடுவது என்று மேலே சொன்னேன். எனவே அந்த ஒளி நடுவில் மட்டும் குவியாமல் வானம் முழுவதும் பரவி நிற்கும். ஃபெர்மி அளந்த பின்புல ஒளிர்வுக்குள் அது அடங்க வேண்டுமானால் கரும்பொருளின் ஆயுள் அண்டத்தின் வயதைப்போல் பல கோடி மடங்கு நீண்டதாக இருக்க வேண்டும். ஆகவே கரும்பொருள் முழுவதும் அந்தத் துகளே என்ற மாதிரி, என் கணிப்பில், நிற்காது. மொத்தத்தில் மிகச் சிறு பங்கு அது என்று சுருக்கினாலோ சுரங்கத்தில் சிதைவு அகப்படும் வாய்ப்பும் அதே அளவுக்குச் சுருங்கிவிடும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டதால் அதே குகையில் மீண்டும் பார்க்கவும் வழியில்லை. தாத்தாவிடம் நீங்கள் சொல்லக்கூடியது, அவர் காலத்துத் தடங்கள் இன்றும் விளக்கப்படாதவை என்பது. விளக்கப்படாதது என்பதனால் அது கரும்பொருள் ஆகிவிடாது.

அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நடுப்புடைப்பில் மில்லிநொடிப் பல்சர்களை ரேடியோ அலைகளில் ஒவ்வொன்றாக எண்ணிக் கண்டுபிடிப்பதே நேரடியான வழி. ஃபெர்மியின் எட்டாண்டுப் பட்டியலிலுள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மூலங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானவை இன்னதென்று அடையாளம் தெரியாதவை. அவற்றில் சிலவற்றைப் புனே அருகேயுள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோத் தொலைநோக்கி நோக்கியபோது மில்லிநொடிப் பல்சர்களாகவே இருந்தன. ஆயிரம் ஜி.இ.வி. அளவிலான கனத்த விம்ப்களுக்கு, சிலியின் பரனாலில் அமைந்துவரும் செரன்கோவ் தொலைநோக்கி வரிசை காத்திருக்கிறது. அந்தத் தெற்கு அகலாங்கில் பால்வீதி நடு ஏறத்தாழ உச்சியில் கடந்துபோகும்.

ஃபெர்மியின் தரவு ஒளியன் ஒளியனாக நாசாவின் தளத்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. பகுப்பாய்வு மென்பொருளும் உடன் கிடைக்கிறது, பைத்தான் தெரிந்தால் போதும். நடுவைச் சுற்றிப் பதினைந்து பாகைப் பகுதியை ஒரு ஜி.இ.வி.க்கு மேல் எடுத்து, வழங்கப்பட்டுள்ள பின்புல மாதிரியைக் கழித்து எஞ்சுவதை வரையுங்கள். பிறகு மாதிரியில் எலக்ட்ரான்கள் விண்மீன் ஒளியைத் தள்ளும் பங்கை மட்டும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் மறுபடி வரையுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. கணினி ஓடும்போது ஐயம் எழுந்தால் எழுதுங்கள்.